சர்க்கரை சிஸ்டர்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெதஸ்தா சபையின் பின்பக்கத்தில் இரண்டு மேசைகள் போடுவார்கள். ஒன்று பாஸ்டரின் மனைவி உல்தாவின் டமாலே மேசை. சோளமாவுக்குள் பன்றிக்கறி வைத்து, சோளத்தோலில் சுற்றி, ஆவி பறக்க அடுக்கியிருப்பாள்; விற்கிற காசு கூரை செப்பனிடப் போகும். மற்றது நியேவெஸின் மேசை. அதில் சர்க்கரை பார்க்க உள்ளங்கையளவு ஒரு கருவி, விரலில் குத்துகிற ஊசிகள், பஞ்சு, கொஞ்சம் துண்டுக் காகிதங்கள். உல்தாவின் மேசையிலிருந்து புறப்படும் வரிசை, சபைக் கட்டடம் டயர் கடையாக இருந்த காலத்தில் லாரிகள் நின்ற முற்றம் வரைக்கும் நீளும். நியேவெஸ் தன் மேசையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள்.

“சிஸ்டர் நியேவெஸ், மேசையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்களேன். பக்கத்துல உக்காந்து இப்படி முறைச்சா ஜனங்களுக்குத் தொண்டையில எப்படி இறங்கும்?” என்பாள் உல்தா.

“இறங்கட்டும் சிஸ்டர். நீங்க தின்னக் குடுத்து இங்க அனுப்புங்க, நான் குத்திப் பாக்கறேன். ரெண்டு பேருக்கும் வியாபாரம் நடக்கும்.”

உல்தா சிரிப்பாள். கெட்டவள் இல்லை. ஆனாலும் ஒருவரையும் அனுப்பமாட்டாள்.

நியேவெஸுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மிச்சொவாக்கான் மலையில் பிறந்து, பத்தொன்பது வயதில் எல்லை தாண்டி, ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சை வெட்ட வந்தவள். திராட்சையிலிருந்து பீச் பழக் கொட்டகைக்குப் போனாள். பெட்டி கட்டிக் கட்டி அவள் விரல்கள் முறுக்கிப்போயிருந்தன. வாய் மட்டும் முறுக்கிக்கொள்ளவில்லை. மனதில் பட்டதை அந்த இடத்திலேயே போட்டு உடைத்துவிடுவாள். கொட்டகை மேஸ்திரி முதல் பாஸ்டர் எலிசேயோ வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. அவளுடைய கணவன் ஹெனாரோ சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்து, ஒரு கோடையில் செத்துப்போனான். அவனைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய்க் காத்திருந்து கூட்டிவந்தவர்கள் இந்தச் சபைக்காரர்கள்தான். நியேவெஸுடையது சுவரில் குவாதலூப்பே மாதா படம் வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பம். மாதாவைக் கழற்றி வைத்துவிட்டு, தலையில் வெள்ளை முக்காடு போட்டுப் பெந்தெகொஸ்தேக்காரியானது விசுவாசத்தினாலா நன்றியினாலா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அதனால்தான் வட்டார மருத்துவமனையிலிருந்து யதீரா என்ற பெண் வந்து, சபைக்கு ஒரு சுகாதாரத் தொண்டர் வேண்டும் என்றபோது முதலில் கையைத் தூக்கியது நியேவெஸ். யதீராவின் கணக்கு சரியான கணக்குதான். எங்கள் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். லீவு போட்டால் கூலி போச்சு; வழியில் குடியேற்றத்துறை வண்டி நிற்குமோ என்ற பயம் வேறு. சபைக்கு மட்டும் வாரத்தில் நான்கு நாள் வந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியைச் சபைக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. நியேவெஸ் சனிக்கிழமைகளில் போய்ப் பயிற்சி எடுத்தாள். பச்சை மேல்சட்டை ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்த முதல் நாளே சபைப் பிள்ளைகள் அவளுக்குச் சர்க்கரை சிஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

யதீராவின் கணக்கில் விட்டுப்போனது ஒன்றுதான். பெதஸ்தா சபையில் நோய் என்பது சுகமாவதற்கு மட்டும் உரியது. நோய் இருக்கிறது என்று விரலை நீட்டி ஒத்துக்கொள்வது விசுவாசக் குறைச்சல். போதாததற்கு, சர்க்கரைக்குப் போடும் ஊசி கண்ணைக் குருடாக்கிவிடும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சித்தப்பா கதை இருந்தது. முற்றவிட்டு முற்றவிட்டுக் கடைசியில்தான் ஊசிக்குப் போகிறீர்கள், அதற்குள் கண் போய்விடுகிறது, பழி ஊசி மேல் விழுகிறது என்று நியேவெஸ் தொண்டை கிழியக் கத்தினாள். யாருடைய சித்தப்பாவும் அதைக் கேட்டுப் பார்வை பெறவில்லை.

முதன்முதலில் விரலை நீட்டியவள் ஒத்தீலியா.

இருவரும் திராட்சை வரிசையில் எதிரெதிரே நின்று வேலை செய்தவர்கள். மாதாவைக் கும்பிட்ட நாளில் ஒத்தீலியாவின் மகளுக்கு நியேவெஸ் ஞானத்தாய் ஆனாள். அந்த ஞானஸ்நானத்தன்றிலிருந்து ஒருவருக்கொருவர் கொமாத்ரே, அதாவது பிள்ளைக்கு உடன்தாய், ஆகி, அதுவரை ‘நீ’ என்று பேசியது மரியாதையாக ‘நீங்க’ ஆகிவிட்டது. சண்டை போட்டாலும் நீங்கதான். இந்தச் சபையில் ஞானத்தாய் வழக்கம் கிடையாது. எல்லாரும் சிஸ்டர், பிரதர். இவர்கள் இரண்டு பேர் மட்டும் பாஸ்டர் கண்டித்தும் கொமாத்ரேயை விடவில்லை. ஒத்தீலியா அதிகம் பேசாதவள். சபையின் கழிப்பறையைக் கழுவுவது அவள் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் பாஸ்டர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம். “அந்தக் கழிப்பறை சிஸ்டர்” என்றால்தான் பலருக்குத் தெரியும்.

“உங்க மேசைக்கு யாரும் வரமாட்டேங்கறாங்களே, பாக்கப் பாவமா இருக்கு. இந்தாங்க கொமாத்ரே, குத்துங்க” என்று விரலை நீட்டினாள்.

குத்தினாள். கருவி நானூறைத் தாண்டிக் காட்டியது. ஹெனாரோவுக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது.

அடுத்த நாளே கொட்டகைக்கு மட்டம் போட்டுவிட்டு ஒத்தீலியாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையோடு நியேவெஸும் வந்து சேர்ந்தாள். எதிலிருந்து தப்பித்தாலும் அவளிடமிருந்து தப்பிக்க முடியாது. ஒத்தீலியா வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்த சோடா புட்டிகளைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். தட்டில் இருக்கும் சோள ரொட்டியை எண்ணினாள். காலையில் காபியில் தோய்க்கிற இனிப்பு பன்னை ஒத்தீலியாவின் புருஷன் ஃபிதென்சியோ கண்ணெதிரிலேயே பிடுங்கிக் கோழிக்குப் போட்டாள்.

“கொமாத்ரே, கோழிக்குச் சர்க்கரை வராதா?” என்றான் ஃபிதென்சியோ.

“வந்தா அறுத்துத் திங்கறோம். உங்க பொண்டாட்டிய அறுத்துத் திங்க முடியுமா?”

மாலையில் இருவரும் பாதாம் தோப்பை ஒட்டிய கால்வாய்க் கரையில் நடந்தார்கள். நாளெல்லாம் நின்று வேலை பார்த்த கால்களோடு இன்னும் நடப்பது எதற்கு என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான்கைந்து மாதத்தில் ஒத்தீலியாவின் சர்க்கரை நூற்றிமுப்பதுக்கு இறங்கியது. எண்ணைப் பார்த்ததும் நியேவெஸ் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஹெனாரோவிடம் தோற்றதை இவளிடம் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். அப்படி நினைத்ததில் தப்பில்லை. தப்பு அதற்கப்புறம் வந்தது.

“உங்க கொமாத்ரேயோட அனுபவத்த அவங்களே எல்லார் முன்னாலயும் சொன்னா நல்லாருக்கும் சிஸ்டர். நாங்க சொன்னா யாரு கேக்கறா? தன்னை மாதிரி ஒருத்தர் சொன்னாத்தான் நம்புவாங்க” என்றாள் யதீரா. ஆஸ்பத்திரிக்காரிக்கு அது அனுபவம். சபையில் ஒருவர் எல்லார் முன்னாலும் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்வதற்கு ஒரே பெயர்தான்: சாட்சி.

ஒத்தீலியா பின்வாங்கினாள். “எனக்கு மைக்கப் புடிக்கவே தெரியாது கொமாத்ரே.”

“என்ன பெரிய மைக்? கழிப்பறைக் குழாய் மாதிரி புடிங்க. மாத்திரைய சொல்லுங்க. நடந்தத சொல்லுங்க. சோடாவ விட்டத சொல்லுங்க. மூணே விஷயம். அவ்வளவுதான்.”

கால்வாய்க் கரையில் நடந்தபடியே அதை ஒப்பிக்கச் செய்தாள். மாத்திரை, நடை, சோடா. ஒத்தீலியா பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னாள். வியாழக்கிழமை சாட்சிக் கூட்டத்தில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனாள்.

சாட்சிக்கு ஒரு அச்சு உண்டு. எங்கள் சபையில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். நான் இருளில் கிடந்தேன், ஆண்டவர் தொட்டார், இன்று நிற்கிறேன். ட்ரம்காரன் எங்கே அடிக்க வேண்டும் என்பதுகூட அதில் இருக்கிறது. ஒத்தீலியா, “எனக்குச் சர்க்கரை நானூறு இருந்திச்சு” என்று ஆரம்பித்தாள். “ஐயோ ஆண்டவரே” என்றது கூட்டம். “இப்ப நூத்தி முப்பது.” அவ்வளவுதான், ட்ரம் விழுந்தது. கித்தார் எழுந்தது. மாத்திரைக்கு அந்த அச்சில் எங்கும் இடமில்லை. அவள் வாய் தானாக வழக்கமான பாதையில் இறங்கிவிட்டது. “கர்த்தர் என்னைச் சுகமாக்கினார்! நான் சுகமானேன்!” என்று கதறினாள். பாஸ்டர் ஓடிவந்து தலையில் கை வைத்து, “சகோதரி ஒத்தீலியா சுகமானாள்! தேவன் கொடுத்த சுகத்தை எந்தப் பிசாசும் எடுத்துக்கொள்ள முடியாது!” என்று முழங்கினார். சபையே எழுந்து நின்று கைதட்டியது. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மேடையிலிருந்து அவள் பெயர் ஒலித்தது.

நியேவெஸ் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். மாத்திரையைச் சொல்லவில்லையே என்று அவளுக்கு உறுத்தியது. எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயை அடக்கத் தெரியாதவள் அன்றைக்குப் பார்த்து அடக்கினாள். ஏனென்றால் கூட்டம் முடிந்ததும் அவள் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. வாசல் தாண்டி, முற்றம் தாண்டி நின்றது. உல்தாவே வந்து விரலை நீட்டினாள். எல்லாரும் வந்துவிட்டார்களே, இனிமேல் ஒவ்வொருவராகப் புரியவைத்துக்கொள்ளலாம் என்று சந்தோஷத்தில் நியேவெஸும் “தேவனுக்கு மகிமை” என்று கையைத் தூக்கிவிட்டாள்.

இரண்டு வாரத்தில் ஒத்தீலியா நடக்க வருவதை நிறுத்தினாள். முதலில் வேலை என்றாள், பிறகு விருந்தாளி என்றாள். நியேவெஸ் சும்மா இருப்பாளா? நேரே வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்றாள்.

“மாத்திரை எங்க?”

“வேணாம் கொமாத்ரே.”

“என்னது வேணாமா?”

ஒத்தீலியா பீன்ஸைக் கிளறிக்கொண்டே அமைதியாகச் சொன்னாள். “நான் சுகமாயிட்டேன்னு பலிபீடத்துக்கு முன்னால சொல்லியிருக்கேன். நாளைக்கே ஒரு மாத்திரைய முழுங்கினா என்ன அர்த்தம்? பரிசுத்த ஆவிகிட்ட பொய் சொன்னேன்னு அர்த்தம். வேதத்துல அனனியாவும் சப்பீராளும் எதுக்குச் செத்து விழுந்தாங்க? பொய் சொன்னதுக்குத்தானே.”

“அவங்க நெலத்த வித்த காச ஒளிச்சாங்க! நீங்க எதை ஒளிச்சீங்க? மாத்திரைய சொல்ல மறந்துட்டீங்க, அவ்ளோதானே!”

“மறக்கல. சொல்ல வரல. சொல்ல வராததும் ஆண்டவர் சித்தந்தான்.”

“சரி, விரலையாவது நீட்டுங்க. குத்திப் பாத்துரலாம். சுகமாயிருந்தா தெரிஞ்சிட்டுப் போகுது.”

“அது தேவனைப் பரிசோதிக்கறது கொமாத்ரே.” பிறகு கரண்டியை வைத்துவிட்டு, பழி சொல்கிற தொனி இல்லாமல், “நீங்கதானே என்னை எழுந்து நிக்கச் சொன்னீங்க” என்றாள்.

நியேவெஸ் கருவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒத்தீலியா சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது, அது நியேவெஸுக்கும் தெரிந்தேயிருந்தது. ஒத்தீலியா இப்போது கழிப்பறை கழுவுவதில்லை. பள்ளத்தாக்கில் இருக்கிற மற்ற சபைகள் அவளைச் சாட்சி சொல்ல அழைத்தன. ஃபிதென்சியோ காரைக் கழுவித் துடைத்து, தொப்பி வைத்துக்கொண்டு அவளை ஓட்டிக்கொண்டு போனான். போன இடத்தில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அவள் கையை எடுத்துத் தங்கள் வயிற்றில் வைத்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பெண்ணுக்கு இது கிடைத்திருக்கிறது. இதை விட்டுவிட்டு மாத்திரையை எடு என்று யார் சொல்ல முடியும்? நியேவெஸ் சொன்னாள். போகிற இடமெல்லாம் சொன்னாள். பயன்தான் இல்லை.

பாஸ்டர் எலிசேயோவிடம் போனாள். அவருடைய மேசையில் வேதாகமத்துக்குப் பக்கத்திலேயே கிழமை எழுதிய மாத்திரை டப்பா இருந்தது. நியேவெஸ் அதை விரலால் தட்டிக் காட்டினாள்.

“இது என்ன பாஸ்டர்?”

“பிரஷருக்கு.”

“அப்போ நீங்க முழுங்கலாம், அவங்க முழுங்கக் கூடாதா?”

“நான் யார்கிட்டயும் மாத்திரை முழுங்கக் கூடாதுன்னு சொல்லல சிஸ்டர்.” பாஸ்டர் சங்கடப்பட்டார். “நான் சுகமாயிட்டேன்னு சாட்சி சொல்லல, அதனால முழுங்கறேன். அவங்க சொல்லிட்டாங்க. ஒரு சாட்சிய நான் மேடையிலேர்ந்து பொய்னு சொன்னா, அதைக் கேட்டு வந்தவங்க எல்லாரும் எங்க போவாங்க? மறுபடியும் குடிக்கப் போவாங்க, பொண்டாட்டிய அடிக்கப் போவாங்க. நீங்களே யோசிங்க.”

யோசித்தாள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். இருந்தாலும் அடுத்த ஞாயிறு பாஸ்டர் தன்னால் முடிந்ததைச் செய்தார். சுவிசேஷம் எழுதிய லூக்கா ஒரு வைத்தியன், மருந்தும் தேவன் தந்ததே என்று ஒரு மணி நேரம் பிரசங்கித்தார். சபை ஆமென் சொன்னது. எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னவள் ஒத்தீலியா. இன்னும் சுகமாகாதவர்களுக்காகப் பாஸ்டர் எவ்வளவு இரக்கத்தோடு பேசுகிறார் என்று அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

யதீராவிடம் போனாள். யதீரா வருத்தப்பட்டாள், வேண்டாம் என்கிறவரைக் கட்டாயப்படுத்தச் சட்டமில்லை என்றாள். ஆஸ்பத்திரிச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது. வெள்ளை முக்காட்டோடு ஒத்தீலியா சிரித்துக்கொண்டிருந்தாள். ‘உங்கள் சபையிலும் இது நடக்கலாம்’ என்று கீழே எழுதியிருந்தது. “இதக் கிழிச்சுப் போடுங்க” என்றாள் நியேவெஸ். எல்லாச் சபைக்கும் அனுப்பியாயிற்று என்றாள் யதீரா.

பீச் பருவம் வந்தது. இருவரும் வேலை பார்த்த கொட்டகையில் தரையெல்லாம் தண்ணீர், நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ். ஒரு வியாழக்கிழமை ஒத்தீலியா ஒரு காலில் செருப்பும் கனத்த காலுறையுமாகச் சபைக்கு வந்தாள். நியேவெஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காலுறையிலிருந்து எழுந்த வாடை அவளுக்குத் தெரியும். கால் புண்ணாகிக் கிடந்த ஹெனாரோவின் கட்டிலருகே அதோடு ஒரு கோடை முழுக்க வாழ்ந்திருக்கிறாள்.

“காலைக் காட்டுங்க.”

“ஒண்ணுமில்ல. பூட்ஸ் கடிச்சிருக்கு. வலிக்கக்கூட இல்ல.”

“வலிக்கலைங்கறதுதான் பயமே! காட்டுங்கன்னா!” நியேவெஸ் தரையில் மண்டியிட்டு அந்தக் காலைப் பிடித்தாள். ஒத்தீலியா வெடுக்கென்று பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். முன்வரிசையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எல்லாரும் பாக்கறாங்க கொமாத்ரே. எழுந்திருங்க, தயவுசெஞ்சு” என்று ஒத்தீலியா கெஞ்சினாள்.

எழுந்தாள். எழுந்தவள் உட்காரவில்லை. அது சாட்சி நேரம். நேரே முன்னால் நடந்துபோய் மைக்கைப் பிடித்தாள். பச்சை மேல்சட்டைதான் போட்டிருந்தாள்.

“கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. நான் ஒரு பொய்ய ஒத்துக்கப் போறேன்” என்றாள். “என் கொமாத்ரேக்கு சர்க்கரை இறங்கினது மாத்திரையால. நடந்ததால. சோடாவ நான் தொட்டியில கொட்டினதால. இத அவங்க சொல்லத்தான் மேடையேறினாங்க. ட்ரம்ம அடிச்சு நாமதான் வேற சொல்ல வச்சோம். நான் பின்னால நின்னு கேட்டுட்டு வாய மூடிட்டிருந்தேன், என் மேசைக்குக் கூட்டம் வந்துச்சேன்னு. பொய் அவங்களோடது இல்ல, என்னோடது. ஆண்டவர் அடிச்சா என்னை அடிக்கட்டும். அவங்களை விட்ருங்க. அவங்க கால் அழுகிட்டிருக்கு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. நீங்க எல்லாரும் சொன்னா போவாங்க.”

ட்ரம்காரன் குச்சியைத் தூக்கியவன் தூக்கியபடி இருந்தான். பாஸ்டர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஜெயித்துவிட்டோமோ என்று நியேவெஸுக்குத் தோன்றியது. அப்போது உல்தா மெல்லிய குரலில் ஒரு கோரஸை எடுத்தாள். சங்கடமான நேரத்தில் பாட்டெடுப்பது அவள் வழக்கம், வேறு நோக்கம் ஒன்றுமில்லை. சபை அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து முன்னால் வந்து நியேவெஸைச் சுற்றி நின்றார்கள். அவள் தோளில், முதுகில், தலையில் கை வைத்தார்கள். அவளைப் பிடித்திருக்கிற சந்தேகத்தின் ஆவி வெளியேற வேண்டுமென்று ஜெபித்தார்கள். “என்னை விடுங்க, காலைப் பாருங்க” என்று அவள் கத்தியது பாட்டுக்குள் முங்கிவிட்டது. கடைசியாக ஒத்தீலியா நொண்டி நொண்டி வந்தாள். கொமாத்ரேயின் தலையில் இரண்டு கையையும் வைத்து, “ஆண்டவரே, இவங்க நல்லவங்க, இவங்களை மன்னிச்சிருங்க” என்று தேம்பித் தேம்பி அழுதாள். அந்தக் கூட்டத்திலேயே உண்மையாக ஜெபித்தது அவளாகத்தான் இருக்கும். அத்தனை கைகளின் பாரத்தில் நியேவெஸ் மண்டியிட்டிருந்ததால் அந்தக் கால் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. வாடை தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் கொட்டகையில் பெட்டிகளுக்கு நடுவே ஒத்தீலியா காய்ச்சலில் சுருண்டு விழுந்தாள். ஆம்புலன்ஸ் கொண்டுபோனது. ஃபிதென்சியோ கையெழுத்துப் போட்டான், அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நினைவு வந்ததும் அவள் முதலில் செய்த காரியம் மருந்தை மறுத்தது. மாத்திரையைத் துப்பினாள். ஊசி போட வந்த நர்ஸின் கையைத் தள்ளினாள். இப்படியே போனால் அடுத்த கால், அதற்கும் முன்னால் உயிர் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஃபிதென்சியோ நடைபாதையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். நியேவெஸைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் வழிவிட்டான்.

நியேவெஸ் கட்டிலருகே உட்கார்ந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தையே பார்த்தாள்.

“கொமாத்ரே,” என்றாள் ஒத்தீலியா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. “படுத்துப் படுத்து ஒண்ணையே யோசிச்சிட்டிருக்கேன். கர்த்தர் சுகம் குடுத்தாரு. குடுத்தத அவரு திரும்ப வாங்கமாட்டாரு. அப்புறம் எப்படி இப்படியாச்சு?”

நியேவெஸ் நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப்போட்டாள்.

“சபையில சொல்றாங்களாம். நீங்க அன்னிக்கு மைக்ல பேசினீங்களே, அந்த அவிசுவாசத்துல சுகம் உடைஞ்சிருச்சுன்னு. எங்க வீட்டுக்காரரு வந்து சொன்னாரு. நான் நம்பல. நீங்களே சொல்லுங்க. உங்களாலதானா? உங்களாலன்னா சுகம் போயிடுச்சுன்னு அர்த்தம். அப்ப நான் மாத்திரை முழுங்கினா பொய் ஆகாது. உங்களால இல்லைன்னா, சுகம் இன்னும் எனக்குள்ள இருக்கு. நான் முழுங்கக் கூடாது.”

ஒத்தீலியா பொறுமையாகக் காத்திருந்தாள். அவள் கேட்டதில் சூதுவாது எதுவும் இல்லை. நியேவெஸுக்கு, சுகம் என்று ஒன்று இருக்கவே இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதைத்தான் கத்திக் கத்தி இங்கே வந்து நிற்கிறது. ஆமாம் என்று சொன்னால் இவள் பிழைப்பாள். ஆமாம் என்று சொன்னால் அது இந்த அறையோடு நிற்காது என்பதும் தெரியும். இவள் சாட்சி சொல்கிறவள். பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்வாள்.

“ஆமா கொமாத்ரே,” என்றாள். “என்னாலதான். என் வாயாலதான் போச்சு.”

ஒத்தீலியா கண்ணை மூடினாள். முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது. “நான் உங்களை மன்னிச்சிட்டேன். மனசார மன்னிச்சிட்டேன்” என்று நியேவெஸின் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு மாத்திரையை வாங்கி விழுங்கினாள். ஊசிக்கும் கையை நீட்டினாள்.

பிழைத்தாள். சிறுநீரகம் பாதி போய்விட்டது, பார்வையும் மங்கத் தொடங்கியது. ஊசியால்தான் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். சக்கர நாற்காலியில் வந்து, சுகத்தை இழந்ததையும் இழக்கவைத்தவளை மன்னித்ததையும் மைக்கில் சொன்னாள். முன்னைவிட அதிகமான சபைகள் அழைத்தன. எங்கே போனாலும் அந்தச் சபையின் பின்பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த யதீராவின் தொண்டர்கள், அதற்கப்புறம் யாரும் விரல் நீட்டாததால், கருவியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். யதீரா போன் பண்ணி, திட்டத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைக்கிறோம் என்றாள். அது மறுபடி ஆரம்பிக்கவில்லை.

நியேவெஸ் சபையை விடவில்லை. விட்டு எங்கே போவாள்? கடைசி வரிசையில் உட்காருவாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருக்கும். பாஸ்டர் கைகுலுக்குவார், உல்தா காசு வாங்காமல் இரண்டு டமாலே கொடுப்பாள். யாரும் கெடுதலாக நடந்துகொள்ளவில்லை. குழந்தைகளை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவில் ஃபிதென்சியோ எழுந்து பின்பக்கம் வந்தான். தண்ணீர்க் குடத்தைச் சாய்த்து ஒரு தம்ளர் குடித்தான். இன்னொன்று. மூன்றாவதையும் நிற்காமல் குடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனான். திரும்பி வந்து மறுபடி குடத்தைச் சாய்த்தான். சட்டை தோளில் தொங்கியது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தான். நியேவெஸ் பார்த்துக்கொண்டேயிருந்தாள். எழுந்து அவனருகே போனாள்.

“ஃபிதென்சியோ, எவ்வளவு நாளா இப்படித் தாகம் எடுக்குது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை விரலைக் குடுங்க. சபைக்கு வெளிய வச்சுப் பாப்போம். யாருக்கும் தெரிய வேணாம்.”

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். கோபப்படவில்லை. இரண்டு கைகளையும் மெதுவாகப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வேணாம் சிஸ்டர்” என்றான். அதுவரை அவளைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். “எங்க வீட்ல ஒருத்தரை நீங்க தொட்டது போதும்.”

வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் மனைவியின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.